பாஸ்போர்ட் அண்ணை கப்பலில் இருமிய கதை

கொரோனாவோடு நேருக்கு நேர் மல்லுக்கட்டி, ஆட்டத்தை டிராவில் முடித்த ஒரே மனிதர் லண்டனில் மிச்சம் என்ற எங்கள் பகுதியில்தான் இருக்கிறார். விஞ்ஞானிகளுக்கு இந்த விவரம் தெரியாது. அவர்கள் இன்னமும் தடுப்பூசியைத்தான் பெரிதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போகட்டும், பாவம், படித்தவர்கள்.

அவருக்கு மன்னாரில் ஞானஸ்நானம் கொடுத்தபோது வைத்த பெயர் ஒன்று உண்டு. லண்டனில் அதை யாரும் புழங்கியதில்லை. டிராம் நிறுத்தத்திலிருந்து மூலைக்கடை வரைக்கும் எல்லோருக்கும் அவர் பாஸ்போர்ட் அண்ணை. அவருடைய சட்டைப் பையில் எந்நேரமும் பாஸ்போர்ட் இருக்கும். பால் வாங்கப் போனாலும் இருக்கும், பூசைக்குப் போனாலும் இருக்கும். முடிவெட்டும் கடையில் மேலே துணியைப் போர்த்தினால், அதை எடுத்துத் துணிக்கு வெளியே மடியில் வைத்துக்கொள்வார். நூலகத்தில் அட்டை புதுப்பிக்கப் போனபோது அங்கிருந்த வெள்ளைக்காரப் பெண், விலாசம் மட்டும் சொன்னால் போதும் என்றாள். அண்ணை பாஸ்போர்ட்டை விரித்து அவள் முன்னால் வைத்து, "வடிவாப் பாருங்கோ பிள்ளை" என்று தமிழிலேயே சொன்னார். அவளும் வடிவாக, நிதானமாகப் பார்த்தாள்.

நான் திருநெல்வேலிக்காரன். கவுன்சிலில் பார்க்கிங் அபராதம் போடும் பிரிவில் வேலை. அதனால் எங்கள் தெருவில் எனக்கு நண்பர் என்று இருந்தவர் அடுத்த வீட்டுப் பாஸ்போர்ட் அண்ணை ஒருவர்தான். அவரிடம் கார் கிடையாது. பஸ் ஓட்டுநர்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏண்ணே, அதை வீட்ல பத்திரமா வச்சுட்டு வரலாமே?"

"தம்பி, பதினொரு வருஷம் இந்த நாட்டிலை பாஸ்போட் இல்லாம இருந்தனான். அம்மா செத்ததுக்கு அக்கா ஜெர்மனியிலை இருந்து போனவ. எனக்குப் போக ஏலாமப் போச்சு. இப்ப கையிலை கிடைச்சிட்டுது. இனி என்னை ஒருத்தரும் நில் எண்டு சொல்லேலாது."

ஒருத்தரும் சொல்லவில்லைதான். ஒரு வைரஸ் சொன்னது.

ஊரடங்கு வந்ததும் நாங்களெல்லாம் வீட்டுக்குள் பதுங்கி, வாங்கி வந்த வெங்காயத்தைக்கூட சோப்புப் போட்டுக் கழுவினோம். அண்ணை மட்டும் வழக்கம்போல் காலை ஷிப்டுக்குக் கிளம்பினார். என் மனைவி ஜன்னலில் நின்று, "வெளிய போகாதீங்கண்ணே, பிரதம மந்திரியே சொல்லிட்டாரு" என்றாள். "ஓம் பிள்ளை, நானும் கேட்டனான். ஆஸ்பத்திரியிலை வேலை செய்யிற ஆக்களை ஆர் கொண்டுபோய் விடுறது? பிரதம மந்திரியோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவருடைய டிப்போவில் இரண்டு பேர் இறந்தார்கள். அந்த வாரமும் அவர் ஒருநாள்கூட லீவு போடவில்லை.

அதே வாரம்தான் ஜெர்மனியிலிருந்து போன் வந்தது. கொலோன் நகரத்தில் இருக்கும் அக்காவின் கணவர், அண்ணைக்கு அத்தான், கொரோனாவில் போய்விட்டார். அத்தான் அங்கே ரைன் நதிக்கரையில் ஓர் உணவகத்தில் இருபத்தைந்து வருஷம் சமையல் வேலை பார்த்தவர். அடுப்படி ஜன்னல் வழியாக உல்லாசக் கப்பல்கள் போவதைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் போனில், "உதிலை ஒருநாள் நீ வாடா, நான் கரையிலை நிண்டு கை காட்டுறன்" என்று சொல்வார். அண்ணையும் அந்த வருஷ வசந்தத்துக்கு, ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரைன் நதி வழியாகப் போகும் ஒரு கப்பலில் தனக்கும் மனைவிக்கும் இடம் பிடித்து வைத்திருந்தார். கப்பலும் நின்றது, விமானமும் நின்றது, கை காட்ட வேண்டிய அத்தானும் போய்விட்டார்.

அடக்கப் பூசைக்குப் பத்துப் பேர்தான் வரலாம், மற்றவர்கள் வீடியோவில் பார்க்கலாம் என்றார்கள். நான்தான் அண்ணையின் வீட்டில் லாப்டாப்பைப் பொருத்திக் கொடுத்துவிட்டு, வேலிக்கு என் பக்கம் வந்து நின்றுகொண்டேன். மைக்கை மூடும் பொத்தானைக் காட்டிக்கொடுக்க மறந்தேன். அந்தப் பாவம் என்னுடையது.

செத்த வீட்டில் ஆண்கள் என்ன செய்வார்கள் என்று நமக்குத் தெரியும். உள்ளே பெண்கள் அழுவார்கள். வெளியே ஆண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, செத்தவரைத் தவிர உலகத்தில் உள்ள மற்ற எல்லாவற்றையும் பேசுவார்கள். பேசாவிட்டால் தாங்கமாட்டார்கள். கறுப்புக் கோட்டு, கறுப்பு டையோடு லாப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்த அண்ணை, திரையின் மூலையில் டொரண்டோவில் இருக்கும் சித்தப்பா மகனைக் கண்டார். அவ்வளவுதான், வெளியே நாற்காலியில் உட்கார்ந்ததாகவே நினைத்துவிட்டார்.

"எப்பிடியடா, அங்கை வீடுகள் இப்ப என்ன விலை போகுது?"

பஸ்ஸில் கடைசி சீட் வரைக்கும் கேட்கிற குரல் அது. யார் பேசுகிறார்களோ அவர் முகம் பெரிதாகத் தெரியும்படி அந்தக் கருவி அமைந்திருந்தது. கொலோன் கோயிலில் பீடத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த திரையில் மற்ற முகங்களெல்லாம் மறைந்து, அண்ணையின் ஒரே முகம் சுவரளவுக்கு வந்து நின்றது. "பேஸ்மென்ட் இருக்கோ?" என்றும் கேட்டது.

அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தார். அண்ணை எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார் என்பதால் வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்டது.

"என்ரை மனிசனைப் பெட்டியிலை வைச்சிருக்க நீ வீட்டு விலை கேட்டனி. இனி எனக்குப் போனிலை கதைக்காதை. செத்தவீட்டுக்கு வாறதெண்டா நேரிலை வா. வந்து என்ரை முன்னாலை இரு. அதுக்குப் பிறகு கதைப்பம்."

"அக்கா, பிளேன் ஓடேல்லையே..."

"ஓடேக்குள்ளை வா."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அண்ணை போன் செய்வார். அக்கா எடுப்பார். மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். வைத்துவிடுவார். "உயிரோடைதான் இருக்கிறா" என்று அண்ணை வேலிக்கு மேலாக எனக்குச் சொல்வார். சொல்லிவிட்டு, ஏற்கெனவே வெட்டிய புல்லை மறுபடியும் வெட்டப் போய்விடுவார். அவருக்குக் கூடப்பிறந்தவர் அந்த ஒரு அக்காதான்.

அடுத்த வருஷம் விமானங்கள் ஓடத் தொடங்கின. "ஒன்றரை மணி நேரம்தாண்ணே, காலைல போய்ட்டு சாயங்காலம் வந்துடலாம்" என்றேன்.

"அத்தானுக்குக் கப்பலிலை வாறன் எண்டு சொன்னனான். ஆள் செத்தா, குடுத்த வாக்கும் சாகுமோ? பிளேனிலை போனா கொரோனா வெண்டதாப் போகும் தம்பி. விடமாட்டன்."

கப்பல் கம்பெனி மூன்று தடவை தேதியைத் தள்ளிவைத்தது. ஒவ்வொரு தடவையும் அண்ணை போனில் பேசியது ஒரே பெண்ணோடு. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, கல்யாணமும் முடிந்து, பிரசவ லீவுக்கும் போய்விட்டாள். அண்ணையின் கப்பல் மட்டும் புறப்படவில்லை. பணத்தை வாங்கிக்கொள்ளுங்களேன் என்று கடைசியாகக் கெஞ்சினாளாம். எனக்குக் காசு வேண்டாம், கப்பல்தான் வேண்டும் என்று இவர் சொல்லியிருக்கிறார். ஒருவழியாக இலையுதிர் காலத்துக்குத் தேதி உறுதியானது. அப்போது பார்த்து அண்ணி வரமாட்டேன் என்றுவிட்டார்.

"நாலு பக்கமும் தண்ணி, நடுவிலை கொரோனா வருத்தம். எனக்கென்ன விசரே? வேணுமெண்டா உந்தப் பாஸ்போட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

அண்ணை என்னைப் பார்த்தார். நான் அந்த மைக் பொத்தானை நினைத்துக்கொண்டேன். மறுநாள் லீவு எழுதிக் கொடுத்தேன்.

அந்த நாளில் ஐரோப்பாவுக்குப் போவதென்றால் சும்மாவா? தடுப்பூசிச் சான்றிதழ், இருக்கிற இடம் சொல்லும் படிவம், உடம்பில் ஒன்றுமில்லை என்று சத்தியம் செய்யும் படிவம், அந்தச் சத்தியம் உண்மை என்று சொல்ல இன்னொரு படிவம். எல்லாவற்றையும் நான் நிரப்பினேன், அண்ணை கையெழுத்துப் போட்டார். மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தது ஒரு தமிழ்ப் பெண். அவள் இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டதும், "பிள்ளை, அதுக்கு மேலை மூளைதான் கிடக்கு, அதையும் எடுத்துப்போட்டு என்னை அனுப்பாதை" என்றார்.

பிரெக்ஸிட்டால் உடனடிப் பலன் அடைந்த ஒருவரையும் அந்தப் பயணத்தில்தான் கண்ணால் கண்டேன். முன்பெல்லாம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பதினொரு வருஷம் காத்திருந்து வாங்கியதில் ஒரு முத்திரைகூட விழவில்லையே என்று அண்ணைக்குத் தீராத குறை. இப்போது முத்திரை குத்துகிறார்கள். ஆம்ஸ்டர்டாம் ரயில் ஏற லண்டன் ரயிலடியில் நின்றபோது ஐரோப்பிய அதிகாரி லேசாகக் குத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அண்ணை வாங்கவில்லை. கட்டைவிரலைப் பக்கத்தில் வைத்து அமுக்கிக் காட்டி, இன்னும் அழுத்திக் குத்தும்படி சைகை செய்தார். எங்களுக்குப் பின்னால் நின்ற எண்பது பேரும் அந்த இரண்டாவது முத்திரைக்காகக் காத்திருந்தார்கள்.

கப்பலில் கால்வாசிதான் ஆட்கள். எல்லோரும் எழுபதைத் தாண்டிய வெள்ளைக்காரத் தம்பதிகள். காலையில் எழுந்ததும் நெற்றியில் சூடு பார்ப்பார்கள். சாப்பாட்டு மேசைகள் ஒன்றுக்கொன்று கோபித்துக்கொண்டதுபோல் தள்ளித் தள்ளிக் கிடந்தன. எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்று இருந்தது. ஊர்களில் இறங்கினால் வழிகாட்டியோடு கூட்டமாகப் போய்க் கூட்டமாகவே திரும்ப வேண்டும். தனியாகப் பிரிந்து போனவரை மறுபடி ஏற்றமாட்டார்கள்.

"அக்கா வீட்டுக்கு எப்படிண்ணே போவீங்க?"

"பிரிஞ்சு போவன். கப்பல் தன்ரை பாட்டுக்குப் போகட்டும். கப்பலிலை வாறன் எண்டுதான் அத்தானுக்குச் சொன்னனான். திரும்பிறது எதிலை எண்டு சொல்லேல்லையே."

திட்டத்தில் ஓட்டையே இல்லை. மாசிச் சம்பல் ஒன்றுதான் இடித்தது.

கொலோனுக்கு முந்தின நாள் மத்தியானம், உப்பில்லாத மீன் துண்டு ஒன்றை அவித்துக் கொண்டுவந்து வைத்தார்கள். அண்ணை கோட்டுப் பையிலிருந்து பழைய ஜாம் போத்தலை எடுத்தார். அண்ணி மாசிக் கருவாட்டையும் செத்தல் மிளகாயையும் சேர்த்து இடித்துக் கொடுத்த சம்பல். மீன் மறையும் அளவுக்குப் போட்டு, ஒரு பெரிய துண்டை வாயில் வைத்தார். புரையேறிவிட்டது.

இருமினார். டிப்போவில் பழைய பஸ்ஸைக் காலையில் கிளப்புகிற மாதிரி, விட்டு விட்டு, விடாமல் இருமினார். ஓர் இருமலுக்கு உலகமே நடுங்கிய காலம் அது. எழுபது வயதுக்காரர்கள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. ஊன்றுகோலை மறந்துவிட்டு ஓடியவர்கள் மட்டும் இரண்டு பேர். ஒரு நிமிஷத்தில் அந்த மண்டபத்தில் மிஞ்சியது அண்ணையும் நானும் பதினெட்டு மேசைகளும்.

கப்பல் மேலாளர் ஒரு ஹங்கேரிக்காரப் பெண். முகக் கவசம், அதற்குமேல் கண்ணாடித் தடுப்பு, கையுறை எல்லாம் அணிந்து வந்தார். "நோ கொரோனா! ஒன்லி சம்பல்!" என்று அண்ணை போத்தலை நீட்டினார். அவர் கண்ணாடியைத் தூக்கி மோந்து பார்த்து, தானும் இரண்டு தடவை இருமினார். ஆனாலும் விதி விதிதான். இருவருக்கும் சோதனை எடுத்தாகிவிட்டது, முடிவு நாளை மத்தியானம் வரும், அதுவரை அறையை விட்டு வெளியே வரக்கூடாது. கப்பல் கொலோனில் நிற்பது காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை.

அறைக்குள் வந்து அண்ணை கட்டிலில் உட்கார்ந்தார். பாஸ்போர்ட்டை எடுத்து மேசையில் வைத்தார். எங்கள் ஒன்பது வருஷப் பழக்கத்தில், யாருக்கும் காட்டுவதற்கு அல்லாமல் அவர் அதைக் கீழே வைத்து நான் பார்த்தது அன்றுதான்.

"இது கையிலை இருந்தும் ஒரு கதவைத் தாண்டேலாமக் கிடக்கு, தம்பி."

நல்லவேளை, அவர் வெகுநேரம் அப்படி இருக்கிற ஆள் இல்லை. எழுந்துபோய் அறையின் கண்ணாடிக் கதவைத் திறந்தார். அதற்கு வெளியே இடுப்பளவு கம்பி, கம்பிக்குக் கீழே தண்ணீர்.

"கரையோடைதானே கட்டுவினம். பாய்வன்."

"அண்ணே, நடுவுல விழுந்தீங்கன்னா?"

"மன்னாரான் தம்பி நான். தண்ணி என்னை என்ன செய்யும்?"

அவர் கோட்டுக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தபோது, நான் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு படிவத்துக்காகக் குறித்து வைத்திருந்த எண்ணில் என் போனிலிருந்து அக்காவைக் கூப்பிட்டேன். தெரியாத எண் என்பதால் "ஆர்?" என்று கேட்டார். நான் அடுத்த வீட்டுக்காரன் என்றேன். அன்றைக்கு மைக்கை மூடச் சொல்லித் தராதது என் குற்றம் என்றேன். உங்கள் தம்பி ரைன் நதியில் கப்பலில் இருக்கிறார், நாளைக்கு உங்கள் ஊருக்கு வருகிறார், ஆனால் அறைக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்றேன்.

"ஏன் அடைச்சு வைச்சிருக்கினம்?"

"இருமிட்டாருக்கா."

அக்காவின் குரல் இறங்கிவிட்டது. "அவனுக்கும் அந்த வருத்தமோ?"

"இல்லக்கா. மாசிச் சம்பல்."

"விசரன்! சின்னனிலை இருந்தே அவன் மென்று விழுங்கினதில்லை." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "எத்தினை மணிக்குக் கப்பல் வரும்?"

அண்ணையிடம் நான் இதைச் சொல்லவில்லை. அக்கா வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம்தான்.

காலையில் கப்பல் கரையோடு சேர்ந்து நின்றது. எங்கள் அறைக்கும் கரைக்கும் நடுவே இரண்டு கை நீளம். அண்ணை கறுப்புக் கோட்டு, கறுப்பு டையோடு கதவைத் திறந்து, வலது காலைத் தூக்கிக் கம்பிக்கு அந்தப் பக்கம் போட்டார். நான் பின்னால் அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"டேய்! காலை உள்ளை எடு!"

ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அக்கா அவரோடு பேசிய முதல் வார்த்தை அதுதான். கரையில், சாம்பல் நிறக் கோட்டும் முகக் கவசமுமாக, ஒரு கையில் மடக்கு நாற்காலியும் மறு கையில் பிளாஸ்க்குமாக நின்றுகொண்டிருந்தார். அண்ணை காலை உள்ளே எடுத்தார். அக்கா நாற்காலியை விரித்து எங்கள் கதவுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"இரு" என்றார்.

அண்ணை அறை நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு முன்னால் உட்கார்ந்தார். "அக்கா" என்றார். வெளியே உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிற ஆண்கள் யாரும் அழாத அழுகையை அவர் அழுதார். நதிக்கரையில் நடந்துகொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஹங்கேரிக்காரப் பெண் மேல்தளத்திலிருந்து கரைக்கு ஓடி வந்தார். "இது சாவு வீடு மேடம். ஒன்றரை வருஷம் தாமதம்" என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கறுப்புக் கோட்டைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். முகக் கவசத்தைக் கழற்றக்கூடாது, கிட்ட வரக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுத் தள்ளிப்போய் நின்றார். அக்கா பிளாஸ்க்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றினார். சாவு வீட்டுக்கு வந்தவருக்குக் கொடுக்காமல் எப்படி? கையுறை போட்ட கப்பல் ஊழியர் ஒருவர் அந்தக் கோப்பையை வாங்கிச் சுற்றிவரக் கிருமிநாசினி அடித்துத் துடைத்து எங்களிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

"எனக்கும் அந்தாளைக் காட்டேல்லையடா" என்றார் அக்கா. "கண்ணாடிக்கு வெளியிலை நிண்டனான். நேர்ஸ்தான் போனைக் காதிலை வைச்சவ. நான் என்ன சொன்னனான் எண்டு இப்ப ஞாபகமில்லை."

பிளாஸ்க்கின் மூடியைத் திருகி மூடினார். பிறகு அக்கா கேட்டார்.

"பேந்து, அந்த வீட்டிலை பேஸ்மென்ட் இருந்ததோ?"

அண்ணை பயந்துபோய் நிமிர்ந்தார். அக்காவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று எங்களுக்கு விளங்கச் சற்று நேரமானது. "நீ கேட்டது அத்தானுக்குக் கேட்டிருந்தா, பெட்டிக்குள்ளை இருந்தே சிரிச்சிருக்கும்" என்றார். அதன்பின் பன்னிரண்டு மணி வரைக்கும் அக்கா அத்தானைப் பற்றிச் சொன்னார், அண்ணை கேட்டார். ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை.

கயிறு அவிழ்க்கும்போதுதான் சோதனை முடிவு வந்தது. இருவருக்கும் ஒன்றுமில்லை. மேலாளர் காகிதத்தை ஆட்டிக் காட்டிச் சிரித்தார். இறங்கும் பலகையை எடுத்தாகிவிட்டது. அண்ணை கம்பியைப் பிடித்துக்கொண்டு கரையைப் பார்த்தார். கப்பல் நகர்ந்தது. இரண்டு கை நீளம் நாலு கை நீளமானது. அவர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் கரைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. மன்னாரிலும் அப்படித்தான், எங்கள் திருநெல்வேலியிலும் அப்படித்தான். எனக்கும் அங்கே பார்க்க முடியவில்லை.

"டேய்! வாயைத் திறக்காம எங்கை போறாய்?" அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து கரையோடு நடந்து வந்துகொண்டிருந்தார்.

"செத்தவீட்டிலை சொல்லக் கூடாது அக்கா!"

"செத்தவீடு முடிஞ்சுது! வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போ!"

அண்ணை முகக் கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "வாறன் அக்கா!" என்று கத்தினார். கரையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பாலத்தடியில் போகும்போதும் கத்தினார், பாலம் தாண்டி அக்கா ஒரு சாம்பல் புள்ளியாகத் தெரிந்தபோதும் கத்தினார். மேல்தளத்திலிருந்து மேலாளர் எட்டிப் பார்த்து, அவரை முகக் கவசத்தைப் போடச் சொல்லும்படி எனக்குச் சைகை காட்டினார். சொல்ல எனக்கு மனசு வரவில்லை.